கூடையில போன எலி வழி கத்துக்குமா?

பருத்திப்பட்டுல இருந்து பேசறேன், பின்னாடி கேக்குற ஹாரன் ஆவடி - பூந்தமல்லி ரோடு உபயம். இன்னிக்கு கேள்வி: ஒரு வழியை நாமே நடந்துதான் கத்துக்கணுமா, யாராவது கூட்டிட்டுப் போனா போதுமா?

1956-ல மெக்நமாரா, லாங், வைக்னு மூணு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை எலிகள்கிட்ட சோதிச்சாங்க. டி வடிவப் பாதை. சில எலிகள் தானே ஓடிச்சு. மத்ததைக் கூடையில உட்கார வச்சு அதே வழியில நகர்த்தினாங்க. சுத்திலும் பார்க்க அடையாளங்கள் இருந்தப்போ, கூடை எலியும் சாப்பாடு எந்தப் பக்கம்னு கத்துக்கிச்சு. அடையாளங்களைக் குறைச்சதும் அது எதுவும் கத்துக்கல. "செஞ்சு பார்த்தாதான் வரும்"னு எல்லா மேனேஜரும் சொல்ற டயலாக் பாதிதான் உண்மை.

எறும்புக்கு வருவோம். நம்ம நாட்டுல டயகம்மா இண்டிகம்னு ஒரு கறுப்பு எறும்பு. மேற்கு வங்கத்துல, கொல்கத்தா ஐசர்ல சுமனா அன்னகிரி குழு இதை ஆராயறாங்க. கூடு மாத்தும்போது, வழி தெரிஞ்ச எறும்பு ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு எறும்பைத்தான் கூட்டிட்டுப் போகும். பின்னாடி வர்றது உணர்கொம்பால முன்னாடி போறதைத் தட்டிக்கிட்டே நடக்கும்.

ஐரோப்பாவுல இருக்கற டெம்னோதோராக்ஸ் எறும்பு இப்படியும் கூட்டிட்டுப் போகும், வாயில கவ்வித் தூக்கிட்டும் போகும். தூக்கினா சுமார் மூணு மடங்கு வேகம். ஆனா தூக்கப்படுற எறும்பு தலைகீழா, பின்பக்கம் பார்த்தபடி போகுது. வழி எங்க மனசுல நிக்கும்? கூட நடக்கிற எறும்பு நடுவுல நின்னு, வட்டமடிச்சு சுத்திப் பார்க்கும். அது திரும்பி வந்து தட்டுற வரைக்கும் முன்னாடி போறது காத்திருக்கும். 2006-ல ஃபிராங்க்ஸ், ரிச்சர்ட்சன் ரெண்டு பேரும் இதைக் கற்பித்தல்னே சொன்னாங்க.

இதை ஏன் இப்போ பேசறேன்னா, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு. 15 வருஷமா பின்சீட்டுல போன அம்மாதான் இனி ஸ்கூட்டர் ஓட்டணும். திருப்பம் எல்லாம் அத்துப்படி: பிள்ளையார் கோயில், மாவு மில், ஏரிக்கரை. பின்சீட்டுல இருந்து அதெல்லாம் தெரியும். லாரி வரும்போது எங்க ஒதுங்கறது, எந்தப் பள்ளத்துக்கு முன்னாடி பிரேக் பிடிக்கறதுங்கறது அப்பாவோட கைக்குத்தான் தெரியும்.

இப்போ பின்சீட்டுல நான். நேத்து ஏரிக்கரைத் திருப்பத்துல வண்டியை நிறுத்தி ரெண்டு பக்கமும் பார்த்தாங்க. பின்னாடி ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் வாயே திறக்கல. ஒரு அரை நிமிஷம் கழிச்சு அவங்களே இண்டிகேட்டர் போட்டாங்க.

சரி மக்களே, கீழே சாவி சத்தம் கேக்குது. அடுத்த வாரம் பார்ப்போம்.