வலிமையானவர்களும் உதவி கேட்கலாம்
(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மாணவர் மனநலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்ல, உங்களைப் போல ஓர் ஆசிரியர். எனவே ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். அவர் நியூசிலாந்தின் ரக்பி வீரர் ஜான் கிர்வான்.

ரக்பி நமக்கு அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. அணிக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதிக்க வேண்டும். கபடியில் பாடி வருபவரை மடக்குவது போல, ஓடி வருபவரைப் பிடித்துச் சாய்ப்பார்கள். முரட்டு ஆட்டம். நியூசிலாந்தில் அதுதான் உயிர். கறுப்புச் சீருடை அணியும் அந்த நாட்டு அணியை ‘ஆல் பிளாக்ஸ்’ என்பார்கள்.

கிர்வான் 1964இல் பிறந்தவர். ஆக்லாந்தில் இறைச்சிக் கடைத் தொழில் பழகிய இளைஞர். 1984இல், 19 வயதில் நாட்டு அணிக்குள் வந்தார். 1987இல் முதல் உலகக் கோப்பை நடந்தது. இத்தாலிக்கு எதிரான முதல் ஆட்டத்தில், தம் அணியின் பகுதியில் பந்தைப் பெற்று, வழிமறித்தவர்களை எல்லாம் ஏமாற்றி மைதானத்தின் மறுமுனைவரை ஓடிச் சேர்த்தார். இன்றும் அந்த ஓட்டத்தைப் பேசுகிறார்கள். பிரான்சுக்கு எதிரான இறுதிப் போட்டியிலும் அவர் ஒரு ‘டிரை’ அடித்தார். கோப்பை நியூசிலாந்துக்குக் கிடைத்தது. 1994 வரை 63 டெஸ்ட் போட்டிகளில் ஆடி 35 டிரைகள் அடித்தார்.

அவருடைய இன்னொரு கதை வெகுகாலம் வெளியே தெரியவில்லை. நாடு கைதட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் அவதிப்பட்டார். மைதானத்தில் ஓடியவரைப் பார்த்த யாருக்கும் அது தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. இது பலவீனம் என்று நினைத்தார். ஆல் பிளாக்ஸ் வீரர் பலவீனமாக இருக்கலாமா?

ரக்பியில் இன்று ஒரு விதி உண்டு. ரத்தம் கசிந்தால் வீரரை வெளியே அழைத்துக் கட்டுப் போடுவார்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலும் வெளியே அழைத்துப் பரிசோதிப்பார்கள். அதுவரை வேறொருவர் ஆடுவார். கண்ணுக்குத் தெரிகிற காயத்துக்கு ஒழுங்கு இருக்கிறது. மனத்தில் படும் அடிக்கு யார் விசில் ஊதுவது?

கிர்வான் உதவி கேட்டார், சிகிச்சை பெற்றார், மீண்டார். பின்னர் இத்தாலி, ஜப்பான் நாட்டு அணிகளுக்குப் பயிற்சியாளரானார். அத்துடன் நிற்கவில்லை. மனச்சோர்வு குறித்த அரசின் விழிப்புணர்வு விளம்பரங்களில் தொலைக்காட்சியில் தோன்றி, தமக்கு நேர்ந்ததைத் தாமே சொன்னார். 2010இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்புக்கு ‘ஆல் பிளாக்ஸ் வீரர்கள் அழுவதில்லை’ என்று பொருள். அந்த எண்ணத்தைத்தான் அவர் உடைத்தார். இது நோய், பலவீனம் அல்ல என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. மனநலத்துக்கும் ரக்பிக்கும் செய்த பணிக்காக 2012இல் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது.

அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் நம்முடைய இடம், பள்ளிக்கூடம். அவருடைய அறக்கட்டளை ஆக்லாந்து பல்கலைக்கழகத்துடன் இணைந்து ‘மைட்டி’ என்ற திட்டத்தை உருவாக்கியது. முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஆண்டுக்கு ஒருமுறை யாரோ வந்து சொற்பொழிவாற்றிப் போகும் திட்டம் அல்ல. அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே, வழக்கமான பாடங்களோடு சேர்த்து நடத்துகிறார்கள். நோய் வந்தபின் ஓடுவதைவிட, சிறுவயதிலேயே மனத்தை அறியப் பழக்குவது மேல் என்பதே அதன் அடிப்படை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவையாக எனக்குத் தோன்றுபவை மூன்று.

ஒன்று: வகுப்பில் ஒதுங்கி இருக்கும் பிள்ளையை நாம் கவனிக்கிறோம். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையையும் கபடி அணித் தலைவனையும் விசாரிக்கிறோமா? “அவனுக்கென்ன, அவன் கெட்டிக்காரன்” என்ற பாராட்டே சில நேரம் அவன் வாயை அடைத்துவிடும்.

இரண்டு: “எப்படிப்பா இருக்கே?” என்றால், “நல்லா இருக்கேன் சார்” என்ற ஒரே பதில்தான் பிள்ளைகளிடம் இருக்கிறது. பயம், ஏமாற்றம், தனிமை, பொறாமை, குற்ற உணர்வு ஆகிய சொற்களையும் அவர்களுக்குக் கொடுப்போம். தமிழ்ப் பாடத்தில் ஒரு கதை நடத்தும்போது, “இந்த இடத்தில் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டால் போதும். தனிப் பாடவேளை தேவையில்லை.

மூன்று: ஒரு பிள்ளை மனம் திறந்தால் குறுக்கிடாமல் கேட்போம். “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று சொல்ல வேண்டாம். மற்றவர்கள் முன் அதைப் பேச வேண்டாம். சிகிச்சை நம் வேலை அல்ல. உரியவர்களிடம் கொண்டு சேர்ப்பது நம் வேலை. 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் எல்லா நேரமும் இயங்குகிறது. அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்போம். அந்த எண் ஆசிரியர்களாகிய நமக்கும்தான்.

நாளை வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது, வகுப்பிலேயே மிகத் தைரியமான பிள்ளை என்று நீங்கள் நினைப்பவரின் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பாருங்கள். இடைவேளையில் தனியே அழைத்து விசாரியுங்கள்.