தலைசாய்க்க ஓர் இடம்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் சாதனைகளைப் பேசுவதுதான் வழக்கம். ஆனால், நீங்கள் என்னை அழைத்தது நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிப் பேச. இரவில் படுக்க இடமில்லாத இளையர்கள் தங்கும் இல்லம் அது. ஏழு ஆண்டுகளாக அங்கே இரவுப் பணியில் இருக்கிறேன். மலாய்ப் பிள்ளைகள் என்னை "காக்கா" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள். நம் வீட்டில் காக்கா என்றால் அண்ணன். முதல் நாள் திரும்பிப் பார்த்தேன், யாரை அழைக்கிறார்கள் என்று!

"சிங்கப்பூரில் வீடில்லாதவர்களா?" என்று பலர் கேட்பதுண்டு. 2019இல் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர்கள் தீவு முழுவதும் இரவில் நடந்து கணக்கெடுத்தார்கள். 921 முதல் 1,050 பேர் வரை வெளியில் படுப்பது தெரியவந்தது. 2022இல் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு எடுத்த கணக்கில் 530 பேர். அவர்களில் பெரும்பாலோர் வயதில் மூத்த ஆண்கள்.

இளையர்கள் இந்தக் கணக்கில் எளிதில் சிக்கமாட்டார்கள். ஒரு வாரம் நண்பன் வீட்டு சோபா, இரண்டு நாள் 24 மணி நேர விரைவு உணவகம், பிறகு ஏதாவது புளோக்கின் மாடிப்படி. குளித்து, தலைவாரி, முதுகில் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவனைப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? தேசிய சேவையில் இருக்கும் ஒரு பையன் சொன்னான்: "அக்கா, வெள்ளிக்கிழமை வந்தா எல்லாரும் சந்தோஷமா முகாமை விட்டுக் கிளம்புவாங்க. எனக்கு மட்டும் எங்க போறதுன்னு வயித்தைக் கலக்கும்."

வேலை பார்த்துத் தனியாக இருக்கலாமே என்பீர்கள். தனியாள் வீவக வீடு வாங்கப் பொதுவாக 35 வயது ஆக வேண்டும். வெளியில் அறை எடுத்தால், பகுதி நேரச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். வீடு என்றால் பெற்றோர் வீடுதான் என்று வைத்து நம் வாழ்க்கை அமைந்திருக்கிறது. அந்தக் கதவு மூடிவிட்டால் அடுத்த கதவு வெகு தூரத்தில் இருக்கிறது.

கதவு ஏன் மூடுகிறது? பெற்றோர் பிரிந்து மறுமணம் செய்த வீட்டில் பிள்ளைக்கு இடமில்லாமல் போகும். ஓரறை வாடகை வீட்டில் ஏழு பேர் படுக்க முடியாமல் மூத்தவன் வெளியேறுவான். அடி தாங்காமல் ஓடி வருவார்கள். சிறார் இல்லத்தில் வளர்ந்து, வயது வந்ததும் வெளியே வருகிறவர்களும் உண்டு. தப்புச் செய்துவிட்டு வந்தவர்களும் உண்டு; மறைக்கவில்லை.

வருகிற பிள்ளை முதலில் கேட்பது சாப்பாடு அல்ல, கைப்பேசிக்கு சார்ஜர். வேலைக்குக் கூப்பிடும் அழைப்பு அதில்தான் வரும். முதல் இரவில் பலர் காலணியைக் கழற்றாமல், பையைத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். என்றைக்குக் காலணி கட்டிலுக்குக் கீழே போகிறதோ, அன்றைக்குத்தான் பேச்சைத் தொடங்கலாம். அதற்கு முன் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் சமுதாயத்துப் பையன் ஒருவன் வந்தான். வயது 19. "பெத்தவங்கதானே, பேசிச் சேர்த்து வைப்போம்" என்று நினைத்து, நானே தொலைபேசியில் வாப்பாவிடம் பேசினேன். அவர் "அனுப்பி வைங்க" என்றார். பையன் வேண்டாம் என்றான். நான் கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு போய் விட்டேன். மூன்றாம் நாள் அவன் மறுபடி வெளியே வந்துவிட்டான். எங்கள் இல்லத்துக்கு வரவில்லை. நான் திரும்பவும் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்ற பயம். அவனைத் தேடிப் பிடித்து மனத்தை மாற்ற இரண்டு மாதம் ஆனது. சேர்த்து வைப்பது நல்லதுதான். ஆனால், அது அவசரத்தில் செய்கிற காரியமில்லை.

பெரியோர்களே, இது நமக்குப் புதிய கதையல்ல. ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய சபராளிகள் எங்கே படுத்தார்கள்? கடை மாடியிலும் அஞ்சடியிலும் பாய் விரித்தவர்கள்தானே? ஊர்க்காரர் ஒருவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். அதில் தலைசாய்த்தவர்கள் பின்னால் சங்கம் அமைத்தார்கள். இன்னும் பின்னால் போனால், மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் வீடு வாசல் இல்லாத தோழர்கள் தங்கியிருந்தார்கள். மிக அதிகமான நபிமொழிகளை நமக்கு அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்தத் திண்ணையில் இருந்தவர்தான். படுக்க இடமில்லாதவர் படிக்கத் தகுதியில்லாதவர் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். அந்தப் பையனுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது. நம் சங்கத்தின் கல்வி உதவிநிதிப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். முழுவதும் நிரப்பினான். கடைசிப் பக்கத்தில் பெற்றோரின் கையொப்பம், பெற்றோரின் வருமானச் சான்று. பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது எனக்கு இல்லக்கா" என்று திருப்பிக் கொடுத்தான்.

யாரும் கெட்ட எண்ணத்தில் அந்த வரியைப் போடவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் வீடு இருக்கும் என்று நம்பிப் போட்டார்கள். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: "அல்லது சமூக ஊழியரின் கையொப்பம்." இதற்குச் செலவு ஒரு வெள்ளிகூட இல்லை. அடுத்த ஆண்டுப் படிவம் அச்சுக்குப் போகும் முன் செய்யலாம்.

இன்னொன்று. உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சில நாளாகக் கண்ணில் படவில்லை என்றால், "எங்கே போனான், என்ன செய்தான்" என்று ஊர் முழுக்க விசாரிக்காதீர்கள். அவனுக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "சாப்பிட்டியா தம்பி?" பல பிள்ளைகள் எங்களிடம் வந்து சேர்ந்தது இப்படிக் கேட்ட ஒருவரின் கையைப் பிடித்துத்தான்.

அந்தப் பையன் இப்போது பகலில் வேலை பார்க்கிறான். மாலையில் பகுதி நேரமாகப் படிக்கிறான். வாப்பாவோடு பெருநாளன்று மட்டும் பேசுகிறான். அதுவும் அவனாகவே தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் தலைசாய்க்க ஓர் இடத்தை அல்லாஹ் தந்தருள்வானாக.