மெய்யும் மெய்ப்பாடும்



மெய் என்னும் சொல் தமிழில் உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உள்ளத்தே தோன்றும் உணர்வு உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாவதே மெய்ப்பாடு என்பர் தொல்காப்பிய உரையாசிரியர்கள். உடம்பைப் படைக்கலமாகப் பழக்கிய ஒருவர், அதே உடம்பை உணர்வின் கருவியாக்கிக் கொள்ள எத்துணைக் காலம் ஆகும்? சீன நாட்டுத் திரைக்கலைஞர் ஜெட் லீயின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

லீ லியான்ஜியே என்னும் இயற்பெயருடைய அவர் 1963 ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். எட்டு வயதில் வுஷு என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பயிலத் தொடங்கினார். ஆசான் வூ பின் கண்டிப்பு மிக்கவர். இறைச்சி வாங்க வசதியற்ற அக்குடும்பத்தின் நிலையறிந்து உணவுப்பொருள் வாங்கிக் கொடுத்த அன்பும் உடையவர். அக்காலச் சீனத்தில் வுஷு பெரும்பாலும் அடவுப் போட்டியாகவே நடைபெற்றது. எதிரியை வீழ்த்துதல் அன்று, அசைவின் செம்மையே ஆங்கு மதிப்பெண் பெற்றது. வாளும் ஈட்டியும் வெறுங்கையும் கொண்டு ஒரே அடவை மீண்டும் மீண்டும் செய்து பிழை களைவதே அச்சிறுவனின் கல்வியாயிற்று. 1974 இல் பதினொரு வயதில் அமெரிக்கா சென்ற குழுவில் ஒருவராக, வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சன் முன்னிலையில் அக்கலையை நிகழ்த்திக் காட்டினார். 1970களின் பிற்பகுதியில் தேசிய வெற்றிவீரராகப் பலமுறை முடிசூடினார்.

1982 இல் வெளிவந்த 'ஷாவோலின் கோயில்' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கும் இளைஞன், ஷாவோலின் துறவிகளிடம் அடைக்கலம் புகுந்து கலை பயில்வதே கதை. படத்தைக் கண்ட சீனச் சிறுவர் பலர் வீட்டைவிட்டு ஷாவோலினை நோக்கிப் புறப்பட்டனர். ஆயின், அப்படத்தில் மேலோங்கி நிற்பது ஒரே மெய்ப்பாடு, அது மருட்கை. மருட்கை என்னும் வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் பிறக்கும் என்பது தொல்காப்பியக் கருத்து. இளைஞரின் உடல் காட்டிய புதுமை காண்போரை வியக்க வைத்தது. முகமோ இன்னும் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. புதுமையால் பிறந்த வியப்பு புதுமை தீர்ந்ததும் தளரும். அடுத்து வந்த ஷாவோலின் படங்களும் அவ்வியப்பையே நம்பி நின்றன.

திருப்பம் 1991 இல் வந்தது. ட்சுய் ஹார்க் இயக்கிய 'முன்னொரு காலத்தில் சீனாவில்' என்னும் படத்தில், வோங் ஃபெய்-ஹுங் என்னும் மருத்துவராகவும் ஆசானாகவும் தோன்றினார். அவ்வேடத்தை 1949 முதல் பல பத்துப் படங்களில் ஏற்று மக்கள் மனத்தில் பதிந்திருந்தவர் மூத்த நடிகர் குவான் டாக்-ஹிங். இருபத்தெட்டு வயதினர் ஒருவர் அவ்விடத்தை நிரப்புதல் எளிதன்று. ஜெட் லீ அதனைச் சண்டையால் நிரப்பவில்லை, அமைதியால் நிரப்பினார். சினத்தை அடக்கி நிற்கும் நிமிர்வும், அடிக்கும் முன் தயங்கும் கையும் அங்கே பேசின. உடம்பை இரும்பாக்கிக் கொண்ட ஒரு வீரன் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாகும் காட்சி அப்படத்தில் உண்டு. மெய்வலிமைக்கு எல்லை உண்டு என்று ஒரு தற்காப்புக் கலைப் படமே ஒப்புக்கொள்ளும் இடம் அது. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றால் பிறக்கும் பெருமிதம் இங்கே முதன்முதலாக அவர் நடிப்பில் கால்கொள்கின்றது.

1998 இல் 'லீத்தல் வெப்பன் 4' வாயிலாக ஹாலிவுட் சென்றார். ஏற்றது கொடியவன் வேடம். அங்கு அவர் உடலின் விரைவே மீண்டும் விரும்பப்பட்டது. 2002 இல் ஜாங் யிமோவின் 'ஹீரோ' அவரை வேறொரு நிலைக்கு உயர்த்தியது. மன்னனைக் கொல்லப் பத்து எட்டுத் தொலைவுவரை நெருங்கிய வீரன், இறுதியில் கொல்லாது விடுகின்றான். கொல்ல வல்லவன் கொல்லாமை மேற்கொள்ளும் அந்நொடியைச் சொல்லின்றிக் காட்ட வேண்டிய பொறுப்பு நடிகரின் முகத்தின்மீது விழுந்தது. 2007 இல் வெளியான 'தி வார்லார்ட்ஸ்' படத்தில், பேராசையால் உடன்பிறவா உடன்பிறப்புகளை இழக்கும் தளபதியாக நடித்து, 2008 இல் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் என்னும் சிறப்பைப் பெற்றார்.

இதற்கிடையே 2004 டிசம்பர் 26 அன்று மாலத்தீவில் குடும்பத்துடன் இருந்தபோது ஆழிப்பேரலையில் சிக்கி உயிர்தப்பினார். பேரலையின்முன் வெற்றிப் பதக்கத்திற்கும் திரைப்புகழுக்கும் மதிப்பில்லை. 2007 இல் 'ஒன் ஃபவுண்டேஷன்' என்னும் அறநிறுவனத்தைத் தொடங்கினார்.

இப்பயணத்தின் கனிந்த நிலை 2010 இல் வெளிவந்த 'ஓஷன் ஹெவன்' எனலாம். அதில் சண்டை ஒன்றுகூட இல்லை. மீன் காட்சியகத்தில் பணிபுரியும் ஏழைத் தந்தைக்குத் தீரா நோய்; ஆட்டிசம் உடைய வளர்ந்த மகனுக்கோ வேறு துணையில்லை. தாம் இறக்குமுன் மகனுக்கு முட்டை அவிக்கவும், பேருந்தில் ஏறி இறங்கவும், தரை துடைக்கவும் கற்றுத் தருகின்றார் அத்தந்தை. மகன் பிழைசெய்கின்றான், தந்தை முதலிலிருந்து தொடங்குகின்றார். நீந்துவதில் இன்பம் காணும் மகன் தம் மறைவுக்குப் பின் தனிமையுறாதிருக்க, ஆமை ஓடுபோல் ஒன்று செய்து முதுகில் கட்டிக்கொண்டு அவனுடன் நீந்தி, கடலாமையே தந்தை என நம்பச் செய்கின்றார். இழவால் பிறக்கும் அழுகை என்னும் மெய்ப்பாடு ஆரவாரமின்றி நெஞ்சை நிறைக்கின்றது.

இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எட்டு வயதில் அவர் கற்ற பாடம், சலிப்பின்றி மீண்டும் மீண்டும் செய்தல். அப்பொறுமையே இத்தந்தையின் உருவில் திரும்பி வருகின்றது. தந்தையற்று வளர்ந்த சிறுவன், திரையில் தந்தையாகி நிற்கும்போது துணைபுரிவது பாய்ச்சலன்று, பயிற்சியே.

2013 இல், தமக்குத் தைராய்டு சுரப்பி மிகையாக இயங்கும் நோய் இருப்பதை அவர் வெளியிட்டார். முன்போல் பாயும் உடல் அன்று அது. விரைவை உடம்பு திருப்பிக் கேட்கும், காலம் வாங்கிக்கொள்ளும். உணர்வாக மாற்றிக்கொண்ட பயிற்சியை எவரும் திருப்பிக் கேட்பதில்லை. மருட்கையில் தொடங்கிப் பெருமிதத்தில் நிமிர்ந்து அழுகையில் கனிந்த அப்பயணத்திற்கு ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. மேடையிலோ திரையிலோ விரைந்து புகழ்பெற விழையும் இளையோர் இக்கணக்கை மனங்கொள்வாராக.