எந்த அளவையால் சொல்கிறீர்கள்?

தோழர்களே, தத்துவம்னா பயப்பட வேண்டாம். முதல்ல ஒரே ஒரு சொல்லைப் பிடிச்சுக்குவோம்: அளவை. வடமொழியில் பிரமாணம். ஒன்றை உண்மை என்று எதைக்கொண்டு அறிகிறோமோ, அது. நெல்லுக்கு மரக்கால் மாதிரி அறிவுக்கு அளவை.

நேரில் பார்த்து அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல், அதாவது அனுமானம். பெரியவர் சொன்னார், நூல் சொன்னது என்பது உரை. லோகாயதர் காட்சியை மட்டும் ஏற்றார்கள். நியாய மரபு உவமையையும் சேர்த்து நான்கு என்றது. பௌத்தரான திக்நாகர் காட்சி, கருதல் இரண்டே என்றார். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்வதும் இதுவே. உரை தனி அளவை ஆகாது. சொன்னதைச் சோதித்தாக வேண்டும்.

வங்கியில் என்னிடம் செக் வந்தால் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிறேன். வாய்ச்சொல் செல்லாது.

இப்ப கேட்கிறேன்: சாதி எந்த அளவையில் தெரியுது? முகத்தைப் பார்த்தா தெரியலை. தெருப் பேரைக் கேட்டு ஊகிக்கிறான். அந்தத் தெருவைப் பிரிச்சு வச்சது எது? பழைய உரைதான். 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியை எரித்தவர்கள் அந்த உரையைத்தான் மறுத்தார்கள்.

இனி யாராவது 'அதுதான் வழக்கம்'னா, எந்த அளவையால் சொல்றீங்கன்னு கேளுங்க.