கடலோரத்தில் இரண்டு நாள்: எங்கே தங்குவது?



தாராவியில் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊர்தான். மே மாதம் வந்தால் போதும். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போகிற ரயிலில் இடம் கிடைக்காது. ஊரில் கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று நாள் ஓடிவிடும். அதுவும் விடுமுறைதான். ஆனால் ஓய்வு என்று சொல்ல முடியாது. பெண்களுக்கு அங்கேயும் அடுப்படிதான்.

இப்போது இன்னொரு பழக்கம் வந்திருக்கிறது. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் இரண்டு நாள் தங்கி வருகிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் முன்பே போனார்கள். இப்போது தையல்காரரும் போகிறார், இட்லி வியாபாரியும் போகிறார். நல்லதுதான். உழைக்கிற உடம்புக்கும் கடற்காற்று வேண்டும் அல்லவா?

எங்கே போவது? ஜூஹுவும் ஆக்சாவும் பக்கம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். தங்கத் தேவை இல்லை. கோவா தூரம். ஒரு இரவு ரயிலிலேயே போய்விடும். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் அலிபாக் தோது.

அலிபாக், ராய்கட் மாவட்டத்தின் தலைநகர். கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து அலிபாக் சுமார் 20 கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டு முதல் பாவுச்சா தக்காவிலிருந்து பெரிய கப்பலும் போகிறது. அதில் வண்டியையும் ஏற்றலாம். படகு பயம் என்றால் தரை வழி இருக்கிறது. செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைனில் நேராகப் பன்வேல் போகலாம். தாராவிக்காரர்கள் சயானில் ஏறிக் குர்லாவில் மாற வேண்டும். பன்வேலில் எஸ்.டி. பஸ் கிடைக்கும். எஸ்.டி. பஸ்ஸில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று 2023 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு அறிவித்தது. டிக்கெட் எடுக்கும்போது கேட்டு வாங்குங்கள்.

போவது சுலபம். தங்குவதில்தான் குழப்பம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, கணவனின் அம்மா, 12 வயது மகள், 7 வயது மகன். இட்லி வியாபாரம். மனைவி இரவு மூன்று மணிக்கு எழுந்து அடுப்புப் பற்ற வைக்கிறவர். வருடம் முழுவதும் அப்படித்தான். அந்த வீட்டில் பேச்சு இப்படிப் போகிறது:

“கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் தர்ற ரூமா பாத்தா என்ன? அஞ்சு பேருக்கும் வெளியில வாங்கினா கட்டுபடியாகுமா?”

“அங்கயும் நான்தான் பொங்கணும்னா, நீங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. நான் இங்கயே இருந்துக்கிடுதேன்.”

மனைவி சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. சமையல் வசதி உள்ள அறை என்றால் யாருக்கு வசதி? ஐந்து பேர் விடுமுறைக்குப் போகிறார்கள். நான்கு பேருக்குத்தான் விடுமுறை கிடைக்கிறது. ஆகவே தங்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் அடுப்பைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது.

கட்டுபடியாகுமா என்ற கேள்வியும் நியாயமானதுதான். போட்டுப் பார்த்துவிடுங்கள். இங்கே சொல்லும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. நாளுக்கும் இடத்துக்கும் தக்கபடி மாறும்.

ஒரு லாட்ஜ். இரண்டு பேர் அறை வாடகை 2,000 ரூபாய். பாட்டிக்கும் மகளுக்கும் கூடுதல் படுக்கை, ஆளுக்கு 400. சிறுவனுக்கு இலவசம். ஆக 2,800. இதற்கு மேல் ஜிஎஸ்டி வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதம் இருந்தது. 2,800-க்கு 5 சதவீதம் 140. ஒரு நாளைக்கு 2,940. இரண்டு நாளைக்கு 5,880. வெளியில் சாப்பாடு இரண்டு நாளும் சேர்த்து 3,000. கடற்கரைக்கு ஆட்டோ 400. மொத்தம் 9,280 ரூபாய்.

இன்னொரு இடம். அது வீடு. அலிபாக்குக்குத் தெற்கே அக்ஷி, நாகாவ் என்று கிராமங்கள் உள்ளன. தென்னையும் பாக்கும் நிறைந்த தோப்புகள். தோப்பை மராட்டியில் வாடி என்கிறார்கள். தோப்புக்குள் வீட்டுக்காரர்களே இரண்டு மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். வாசலில் பலகை இருக்கும். ‘கர்குத்தி ஜேவண், ராஹண்யாசி சோய்’ என்று மராட்டியில் எழுதியிருக்கும். வீட்டுச் சாப்பாடு, தங்கும் வசதி என்று பொருள். பல வீடுகளில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. சாப்பாட்டோடு ஆளுக்கு 1,000, சிறுவனுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 4,500. இரண்டு நாளைக்கு 9,000. வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம் என்றால் ஆட்டோ செலவும் இல்லை.

பலகையில் பெரிதாக 2,000 என்று பார்த்தபோது லாட்ஜ் மலிவாகத் தெரிந்தது. கூட்டிப் பார்த்தால் வீடு 280 ரூபாய் குறைவு. மனைவி கரண்டியைத் தொடவும் இல்லை. சோறு, மீன் குழம்பு, சோல்கடி என்று இன்னொருவர் கையால் சாப்பிடுகிறார். பத்து வருடத்தில் அப்படி எத்தனை வேளை சாப்பிட்டிருப்பார்?

பலரும் அறை பார்க்கும்போது கேட்பது: “கடல் தெரியுமா?” ஜன்னலைத் திறந்தால் அலை தெரிய வேண்டும் என்று ஆசை. அதற்குத் தனி விலை வைக்கிறார்கள். அது வீண் செலவு. பகலெல்லாம் கடற்கரையில்தான் இருக்கப் போகிறார்கள். இரவில் கடல் கறுப்பாகத்தான் இருக்கும். கடல் தெரியும் அறையை விட, கடலைத் தெரிந்த வீட்டுக்காரர் முக்கியம். ஏன்?

நெல்லைச் சீமைக் கடலும் கொங்கணக் கடலும் ஒன்று அல்ல. திருச்செந்தூரில், உவரியில் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிதாகத் தெரியாது. ஒரு மீட்டர் அளவுக்குள்தான் இருக்கும். காலையில் செருப்பைக் கழற்றிப் போட்ட இடம் மாலையிலும் கரையாகத்தான் இருக்கும். மும்பை, அலிபாக் பக்கம் அப்படி இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். ஒரு மாடி வீட்டின் உயரம்! தாராவிக்காரர்கள் இதை மாஹிம் காடியில் தினமும் பார்க்கிறார்கள். ஒரு நேரம் சேறு தெரியும், ஒரு நேரம் தண்ணீர் முட்டி நிற்கும். 2005 ஜூலை 26 அன்று மும்பையில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று கடலும் ஏறி நின்றது. அதனாலும் வெள்ளம் வடிய வழி இல்லாமல் போயிற்று.

கடல் ஏறுவதை மராட்டியில் பர்த்தி என்பார்கள். வற்றுவதை ஓஹோட்டி என்பார்கள். இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறி முடிந்து வற்றி முடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம். மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று பகல் 12 மணிக்குக் கடல் முழுதாக ஏறி நின்றால், மாலை 6 மணி வாக்கில் வற்றியிருக்கும். நாளை ஏறி நிற்பது 12.50-க்கு.

அலிபாக் கடற்கரைக்கு எதிரே கடலுக்குள் கொலாபா கோட்டை இருக்கிறது. ஓஹோட்டி நேரத்தில் அதற்கு நடந்தே போகலாம். குதிரை வண்டியும் போகும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் கோட்டையைச் சுற்றிக்கொண்டே நேரத்தை மறந்தால் வந்த வழி தண்ணீராகிவிடும். பிறகு படகுக்குத்தான் காத்திருக்க வேண்டும். நடந்தே வந்துவிடலாம் என்று இறங்கக் கூடாது. போகும்போதே திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

கடல் வற்றும்போது நீர் உள்ளே இழுக்கும். கால் தரையில் நிற்காது. 2016 பிப்ரவரி 1 அன்று முருட் கடற்கரையில் இது போன்ற துயரம் நடந்தது. அலிபாக்குக்குத் தெற்கே உள்ள ஊர்தான் முருட். புனேயிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவ மாணவிகள் 14 பேர் மூழ்கி இறந்தார்கள். படித்தவர்கள், இளம் வயதினர். அந்தக் கடல் அவர்களுக்குப் பழக்கம் இல்லை.

ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் கொண்டுபோயிற்று. அன்று புயல் இல்லை, மழை இல்லை. எங்கோ தெற்கே நடுக்கடலில் எழுந்த அலைகள் பல நாள் பயணம் செய்து கரைக்கு வந்தன. இதைக் கள்ளக்கடல் என்று சொல்கிறார்கள். திருடன் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்த செய்தி வெளியூரிலிருந்து வருகிறவர் காதில் விழுவது கடினம். உள்ளூர்க்காரர் காதில் விழும்.

ஆகவே அறை கேட்டுப் போன் செய்யும்போதே இதைக் கேட்டுவிடலாம்: “உங்க ஊர்க் கடலில் எங்கே குளிக்கலாம்? எந்த நேரம் இறங்கலாம்?” கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் என்றால் உடனே பதில் சொல்வார். “கோயில் பக்கம் இறங்காதீங்க, குழி இருக்கு” என்பார். “நாலு மணிக்கு மேலே வேண்டாம்” என்பார். தெரியாது என்று இழுக்கிறவர் வீட்டில் ஏசி இருந்து என்ன பயன்?

அலை உடையாமல் ஓர் இடம் மட்டும் ஓடை போல அமைதியாகத் தெரியும். குழந்தைகளை இறக்க அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். அது தவறு. கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத்தான் வேகமாகக் கடலுக்குத் திரும்புகிறது. யாராவது அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்கு வர வேண்டும். மற்றவர்கள் கைகோத்துக்கொண்டு இறங்காமல், கயிறோ காலி கேனோ எறிந்துவிட்டு 112-க்குப் போன் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், அதுவும் ஒரு பெரியவர் கைக்கு எட்டும் தூரத்தில்.

இனி அறைக்கு வாருங்கள். பாட்டிக்கு முழங்கால் வலி. மாடி அறை என்றால் அவர் கீழே இறங்கவே மாட்டார். தரைத் தளம் கேட்க வேண்டும். கழிவறை உள்ளேயா வெளியேயா, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மகள் இருக்கிற வீடு. கடலோரத்தில் கிணற்று நீர் உப்பாக இருக்கலாம். குடிக்கிற தண்ணீர் தருவார்களா, விலைக்கு வாங்க வேண்டுமா? பிறகு நேரம். சில இடத்தில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சில இடத்தில் பகல் 12 மணிக்குத்தான் அறை, மறுநாள் 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். காலைப் படகில் 9 மணிக்கே போய்ச் சேர்ந்தால் மூட்டை முடிச்சை எங்கே வைப்பது? முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறில் வாடகை ஏறும். செவ்வாய், புதனில் பேரம் பேசலாம்.

முன்பணம் கேட்பார்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். செல்போனில் அழகான படம் காட்டி, பணம் வாங்கி, பிறகு போனை எடுக்காத ஏமாற்றுக்காரர்கள் உண்டு. அங்கே போனால் அப்படி ஒரு விடுதியே இருக்காது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பில்லில் சேர்க்காத தொகையைக் கேட்டால், நுகர்வோர் உதவி எண் 1915. அறை வாடகை எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, சாப்பாடு எத்தனை வேளை என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாங்கியதைப் படித்துப் பாருங்கள். இப்போதுதான் படிக்கத் தெரியுமே!

மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் சிறு படகுகள் நின்றுவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த வழியை நம்பிக் கிளம்ப வேண்டாம். கோடையில் போகிறவர்கள் திரும்பும்போது சாலையோரம் பாருங்கள். அலிபாக் வெள்ளை வெங்காயத்தைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். காரம் குறைவு. பச்சையாகவே தின்னலாம். சரத்தோடு வாங்கி, காற்றுப்படும் இடத்தில் ஈரம் படாமல் தொங்கவிட்டால் நாள்பட இருக்கும்.