இன்னொரு தடவை படிம்மா!

(கற்போர் கூட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)

தாய்மார்களே, தகப்பன்மார்களே, தாத்தா பாட்டிமார்களே!

இன்று பாடம் கிடையாது. கதையைப் பற்றிப் பேசப் போகிறோம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மையத்தில் ஒரு அக்கா படித்தார். செங்கல் சூளையில் வேலை. 35 வயதில் எழுத்துக் கற்றார். ஒரு நாள் மையத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் எடுத்துப் போனார். வீட்டில் உரக்கப் படித்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் சிரித்துவிட்டான். "என்னம்மா, இப்படி இழுத்து இழுத்துப் படிக்கிறே!" என்றான். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

இரண்டு நாள் போனது. 4 வயது மகள் அதைத் தேடி எடுத்து வந்தாள். மடியில் உட்கார்ந்தாள். "படிம்மா" என்றாள். அக்கா இழுத்து இழுத்துத்தான் படித்தார். மகள் சிரிக்கவில்லை. முடிந்ததும், "இன்னொரு தடவை படிம்மா" என்றாள்.

மறுநாள் அக்கா என்னிடம் கேட்டார்: "தட்டுத் தடுமாறித்தானே படிக்கிறேன், தம்பி. இதனால் குழந்தைக்கு என்ன பயன்?"

உங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். அதற்கு என் பதிலைக் கேளுங்கள்.

நாம் வீட்டில் குழந்தையிடம் என்ன பேசுகிறோம்? "வா. சாப்பிடு. அதைத் தொடாதே. தூங்கு." அவ்வளவுதான். வேலைக்கு ஓடும் வீட்டில் வேறு என்ன பேச முடியும்? ஆனால் கதையில் வேறு சொற்கள் வருகின்றன. குகை வருகிறது. புதர் வருகிறது. "நடுங்கியது" வருகிறது. "ஏமாந்தது" வருகிறது. இவை அடுப்படியில் அடிக்கடி வரும் சொற்கள் அல்ல. பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் சொற்கள்.

நீங்கள் மையத்தில் முதலில் படித்த சொல் எது? உங்களுக்கு முன்பே தெரிந்த சொல். அதனால்தான் எழுத்துக் கூட்டியதும் பொருள் புரிந்தது. குழந்தைக்கும் அப்படித்தான். காதில் விழாத சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாலும், பொருள் பிடிபடாது. "படிக்கத் தெரிகிறது, புரியவில்லை" என்று பிறகு அந்தக் குழந்தையைத்தான் குறை சொல்வார்கள். "மண்டு" என்பார்கள். குழந்தை மண்டு இல்லை. அந்தச் சொல்லை அதற்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ஒரு சின்னக் கதையைப் பாருங்கள்.

ஒரு முயல்குட்டி வழி தவறிவிட்டது. மழை வந்தது. குட்டி நடுங்கியது. குருவி சொன்னது, "என் கூட்டுக்கு வா." கூடு மரத்தின் மேலே இருந்தது. முயலால் ஏற முடியவில்லை. கிளி சொன்னது, "என் பொந்துக்கு வா." பொந்தும் உயரத்தில் இருந்தது. எலி சொன்னது, "என் வளைக்கு வா." வளை குறுகலாக இருந்தது. முயலின் தலை மட்டும்தான் நுழைந்தது. அப்போது புதருக்குள் இருந்து அம்மா முயல் கூப்பிட்டது. குட்டி ஒரே தாவாகத் தாவி உள்ளே போனது.

கதை முடிந்தது. இதில் எத்தனை வீடுகள்? கூடு, பொந்து, வளை, புதர். நான்கும் வீடுதான். பெயர்தான் வேறு வேறு. ஒரு கதையில் மூன்று நான்கு சொல் போதும். எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொன்னால் கதை ஓடாது. குழந்தை எழுந்து போய்விடும்.

"பொந்து" வந்ததும் ஒரு நொடி நில்லுங்கள். "பொந்து என்றால் மரத்தில் இருக்கும் ஓட்டை" என்று சொல்லுங்கள். படம் இருந்தால் விரலால் தொட்டுக் காட்டுங்கள். கையைக் குவித்துக் காட்டுங்கள். "நடுங்கியது" வந்தால் நீங்களே நடுங்கிக் காட்டுங்கள். குழந்தையும் நடுங்கும். சிரிக்கும். அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும்.

கதை முடிந்ததும் கேள்வி கேளுங்கள். "எலியின் வீட்டுக்கு என்ன பெயர்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் திட்டாதீர்கள். நீங்களே சொல்லுங்கள். "முயல் ஏன் நடுங்கியது? நீ எப்போது நடுங்கினாய்?" என்றும் கேளுங்கள். குழந்தை தன் கதையைச் சொல்லத் தொடங்கும்.

அடுத்த நாள் வெளியே அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். வயல் வரப்பில் எலி வளையைக் காட்டுங்கள். வேப்பமரத்தில் கூட்டைக் காட்டுங்கள். புத்தகத்தில் இருந்த சொல் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

பிறகு அதே கதையை மறுபடியும் படியுங்கள். ஒரே தடவை கேட்டால் பல சொற்கள் நிலைக்காது. குழந்தை "இன்னொரு தடவை" என்று கேட்பது பிடிவாதம் இல்லை. அது கற்றுக்கொள்ளும் வழி.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. நியூசிலாந்து நாட்டில் வார்விக் எல்லி என்ற கல்வி அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1989இல் முடிவை வெளியிட்டார். ஆசிரியர் கதையை உரக்கப் படித்தார். பிள்ளைகள் சும்மா கேட்டார்கள். அப்போதே புதுச் சொற்கள் கற்றார்கள். படிக்கும்போது சொல்லுக்குப் பொருளும் சொன்னபோது, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கற்றார்கள்.

நம் நாட்டிலும் இதை அறிந்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் கிஜுபாய் பதேக்கா. குஜராத்துக்காரர். வக்கீலாக இருந்தவர். மகன் பிறந்த பிறகு, குழந்தைகளின் கல்வியைப் பற்றி யோசித்தார். வக்கீல் தொழிலை விட்டார். 1920இல் பாவ்நகரில் சிறு குழந்தைகளுக்காகப் பால மந்திர் என்ற பள்ளியைத் தொடங்கினார். அடியும் மிரட்டலும் வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். பெரிய மீசை வைத்திருந்தார். "மீசை வைத்த அம்மா" என்று மக்கள் அன்போடு அழைத்தார்கள். ஆகவே தகப்பன்மார்களே, கதை படிப்பது பெண்களின் வேலை என்று ஒதுங்க வேண்டாம்!

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். "எனக்கு வேகமாகப் படிக்க வராதே?" வர வேண்டாம். மெதுவாகப் படித்தால் குழந்தைக்குச் சொல் தெளிவாகக் கேட்கும். முதலில் தனியாக இரண்டு தடவை படித்துப் பாருங்கள். புரியாத சொல் இருந்தால் மையத்தில் கேளுங்கள். பிறகு குழந்தைக்குப் படியுங்கள். ஒரு சொல் தெரியவில்லையா? "எனக்கும் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் எதற்கு? தெரியாததைக் கேட்கலாம் என்று குழந்தையும் கற்றுக்கொள்ளும்.

சிலர் வீட்டில் தெலுங்கு பேசுவீர்கள். சிலர் கன்னடமோ உருதுவோ பேசுவீர்கள். கதையைத் தமிழில் படியுங்கள். பொருளை வீட்டு மொழியில் சொல்லுங்கள். குழந்தைக்கு இரண்டு சொல் கிடைக்கும்.

புத்தகத்துக்கு எங்கே போவது? அங்கன்வாடியில் கேளுங்கள். பள்ளி நூலகத்தில், ஊர் நூலகத்தில் கேளுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் 1957இல் தொடங்கிய அரசு நிறுவனம். அது குழந்தைகளுக்குத் தமிழிலும் படக்கதைகள் வெளியிட்டிருக்கிறது. வீட்டில் இணைய வசதி உள்ள போன் இருக்கிறதா? ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். பிரதம் புக்ஸ் என்ற அமைப்பு 2015இல் அதைத் தொடங்கியது. எதுவும் இல்லையா? உங்கள் பாட்டி சொன்ன கதையை நோட்டில் எழுதுங்கள். அதுவும் புத்தகம்தான். அதை எழுதியவர் நீங்கள்!

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் தினமும் இரவு கால் மணி நேரம் படித்தார். சில நாள் கழித்து மகன் தரையில் ஒரு ஓட்டையைக் காட்டி, "பொந்து" என்றான். தங்கை விடவில்லை. "அது பொந்து இல்லைண்ணா. பொந்து மரத்துல இருக்கும். இது வளை" என்றாள். அண்ணன் வாயை மூடிக்கொண்டான். அன்று இரவு அவனும் பாயில் வந்து உட்கார்ந்து கதை கேட்டான். அம்மா தடுமாறிய இடத்தில் எடுத்துக் கொடுத்தான். சிரிக்கவில்லை.

புத்தகம் இப்போது அரிசிப் பானைக்குப் பின்னால் இல்லை. விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது? இன்று இரவு எடுத்துப் படியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழந்தை கற்ற ஒரு புதுச் சொல்லை எழுதிக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம்.