மகளுக்கு ஒரு வீடு



நுரைச்சோலை என்றதும் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தைத்தான் பலர் சொல்வார்கள். மின்வெட்டு வந்தால் இன்னும் கூடுதலாகச் சொல்வார்கள். இன்றைக்கு அதை விட்டுவிட்டு, புத்தளம் மாவட்டத்தின் இந்தக் கற்பிட்டிக் கரையோரத்துப் பெண்களைப் பற்றிப் பேசுவோம்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்ப் பக்கத்தவர்கள் பலர் வள்ளமேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். கிடுகுக் கொட்டிலே வீடானது. ஊரில் கூலி வேலைக்கே போயிராத பெண்களும் இங்கே வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்தார்கள். சிலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள்.

புத்தளத்து அகதிக் குடியிருப்புகளில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஷாரிகா திராணகம, 2011இல் வந்த தம் நூலில் ஒன்றைக் கவனித்து எழுதினார். வடக்கை நினைத்திருக்கும் பெற்றோருக்கும் புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் 'ஊர்' ஒன்றாக இல்லை.

2009இல் போர் முடிந்தது. பலர் திரும்பிப் போகவில்லை. ஏன்? காணி பறிபோனது, வளவு காடு பத்திக் கிடந்தது, பிள்ளைகளின் படிப்பு என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் முதலில் வைப்பது சீதன வீட்டை. 1990இல் இடுப்பில் வந்த பெண்பிள்ளைக்கு 2009இல் கலியாண வயது. மாப்பிள்ளை கேட்டுப் போனால் வீடு எங்கே என்பார்கள். வெங்காயக் கூலியும் வளைகுடாச் சம்பளமும் சில பேர்ச் காணியாகி, அந்தக் காணியில் கல்வீடு எழும்பிய பிறகு தாய் மட்டும் வடக்கே போவாளா? 2007இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டமும் காணி உரிமையை ஒழுங்குபடுத்தியது. அதுவும் வேரை ஆழப்படுத்தியது.

பெண்கள் இப்படிப் புத்தளத்தில் வேரூன்றிய மாற்றத்தை எழுத வரும் வரலாற்றாசிரியர் விவாகப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் ஏமாந்துபோவார். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கேட்கவில்லை; அவளுக்காக ‘வலி’ எனப்படும் ஆண் பாதுகாவலர் ஒப்பமிட்டால் போதும். சீதனக் காணியின் உறுதியிலோ பெரும்பாலும் அவள் பெயரே இருக்கும். ஆகவே புத்தளம் காணிப் பதிவகத்துக்குத்தான் அவர் முதலில் போகவேண்டும். உறுதியில் இல்லாத கணக்கை, அந்தக் காணிக்கான காசு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதை, தாய்மாரிடம்தான் கேட்கவேண்டும், அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.